இருபது எழுத்துக்குள் அடங்காத பெயர்

கொரோனா வருவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முந்திய கதை இது. ஒரு திங்கட்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. துறைமுகத்தில் வந்திறங்கும் பொருட்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது அவர்களுடைய தொழில். நான் அங்கே வேலை பார்த்தவள் அல்ல. பம்பலப்பிட்டியில் இருந்த ஒரு சிறிய கணினி நிறுவனத்தின் எஞ்சினியர். யாருடைய சேர்வர் பழசாகிப் போனாலும் அந்த இடத்துக்கே போய், பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, எல்லாரும் வேலையைத் தொடங்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு வருவதுதான் என் வேலை.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள்மேல் ஓர் ஆசை வருகிறது. வெள்ளவத்தையில் பஸ் ஏறி, மடியில் பெரிய பையை வைத்துக்கொண்டு காலி வீதி நெடுகப் போவேன். பைக்குள் வயர்களும் திருப்புளிகளும் அம்மா கட்டித்தந்த சாப்பாடும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். புறக்கோட்டை நெரிசலைத் தாண்டி கொட்டாஞ்சேனையில் இறங்கினால், ஒரு பக்கம் லொறிகளின் ஹோர்ன், மறுபக்கம் தேவாலய மணி, இடையில் பேக்கரியிலிருந்து மீன் வைத்த சூடான மாலுபாண் மணம். படியேறிப் போனதும் யாராவது ஒருவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எஞ்சினியர் வரேல்லையா?" என்று கேட்பார். நான்தான் எஞ்சினியர் என்று சொல்வேன். அதற்குப் பிறகு பால் போடாத பிளேன் டீ வரும். எத்தனை அலுவலகங்கள், எத்தனை பிளேன் டீ!

அந்த அலுவலகத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை செய்து சேர்வரை மாற்றிவிட்டோம். திங்கட்கிழமை காலைதான் உண்மையான பரீட்சை. ஒவ்வொருவராக வந்து பெயரும் பாஸ்வேர்டும் அடித்து உள்ளே போவார்கள். அப்போது குரூப் பொலிசி என்று ஒன்று வேலை செய்யும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஒரு வீட்டு ஒழுங்கு மாதிரி. யாருக்கு எந்த அறை, எந்த அலுமாரி, எந்த பிரிண்டர், யார் எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் சேர்வர் ஒரு முறை எழுதி வைத்திருக்கும். நீங்கள் உள்ளே வந்ததும் உங்கள் பெயரைப் பார்த்து, உங்களுக்குரியதை எடுத்துத் தந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பிழை வந்தால் மட்டும் என்னைத் தேடுவார்கள்.

அன்றைக்கு எல்லாருக்கும் சரியாக நடந்தது, ஒரே ஒருவரைத் தவிர.

அவர் சுங்கப் பத்திரங்களைத் தயாரிப்பவர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த, அமைதியான யாழ்ப்பாணத்துப் பெண். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் உள்ளே நுழைந்ததும் திரை வெறுமையாக வந்தது. கோப்புகள் இல்லை, பிரிண்டர் இல்லை, ஒன்றுமில்லை. சிவப்பு அடையாளத்தோடு ஒரு பிழை அறிவிப்பு மட்டும் வந்து நின்றது. பத்திரங்களை அச்சிட அனுமதியுள்ள ஒரே கணக்கு அவருடையது. அவருடைய வேலை நின்றுபோனால் அலுவலகமே நின்றுபோகும்.

அந்தக் கணக்கின் பெயரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயர், அதோடு அப்பாவின் பெயர், அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாப் படிவங்களும் 'கடைசிப் பெயர்' என்று கேட்கும். நாங்களும் அப்பாவை அந்தக் கட்டத்துக்குள் இருத்திவிடுவோம். பல வருடங்களுக்கு முன்னர் அந்த அலுவலகத்துக்கு முதன்முதலில் கணக்குகள் உருவாக்கியவர், எல்லாருக்கும் கடைசிப் பெயரையே உள்நுழையும் பெயராகப் போட்டுவிட்டார். சிங்களவர்களுக்கு அது சரி. அக்காவுக்கோ அவருடைய அப்பாவின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் சின்னப் பெயரா? முழுவதையும் இங்கே சொல்லமாட்டேன். சிவனில் தொடங்கும் நீளமான பெயர். அதன் வாலை மட்டும் சொல்கிறேன்: சுந்தரமூர்த்தி.

இந்த உள்நுழையும் பெயருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆங்கிலத்தில் இருபது எழுத்துக்கு மேல் விடாது. சிவனில் தொடங்கி எழுதிக்கொண்டே போனவர் இருபதாவது எழுத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். சுந்தரமூர் வரைக்கும் வந்தது, 'த்தி' வரவில்லை.

அன்றிலிருந்து அக்கா அந்த அலுவலகத்தில் சுந்தரமூர் மிஸ் ஆகிவிட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாருக்கும் அவர் அதுதான். ஈமெயில் முகவரியும் அதுவே என்பதால் வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தார் "மதிப்புக்குரிய மிஸ்டர் மூர்" என்று எழுதுவார்களாம். ஆங்கிலத்தில் மூர் என்றால் சோனகர், அதாவது இலங்கை முஸ்லிம். அப்படி நினைத்து, புதிதாக வரும் முஸ்லிம் வியாபாரிகள் ஸலாம் சொல்வார்களாம். அக்காவும் திருத்தப் போகாமல் பதில் ஸலாம் சொல்லிவிடுவாராம். இதையெல்லாம் அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். அவருடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

காலை முழுவதும் நான் செய்யாத வித்தை இல்லை. பொலிசியை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்த்தேன். கணினியை நிறுத்தித் தொடங்கினேன். வயரை மாற்றினேன். வேறொருவரை அக்காவின் கணினியில் உட்காரவைத்துப் பார்த்தேன், அவருக்கு எல்லாம் வந்தது. அக்காவை வேறு கணினியில் உட்காரவைத்தேன், அங்கேயும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. அப்படியானால் பிழை கணினியில் இல்லை, அவர் போகுமிடமெல்லாம் கூடவே போகிறது. பாவம், அவர் ஒவ்வொரு கதிரையாக மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தார்.

வெளியே கவுண்டருக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில், சாமான் எடுக்க வந்த ஆட்கள் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனேஜர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தரம் உள்ளேயே வந்துவிட்டார். அவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த வியாபாரக் குடும்பத்து மனிதர். நல்லவர்தான், ஆனால் பொறுமை கொஞ்சம் குறைவு.

"மிஸ், இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? அவங்க கல்யாணம் முடிச்சு எவ்வளவோ காலம் ஆச்சு. அந்தப் பழைய பேரைத் தூக்கிட்டு, புருஷன் பேர்ல புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்திருங்க. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பம்பலப்பிட்டியிலிருந்த என் மேலதிகாரிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கி, கோப்புகளை அதற்கு மாற்றிவிட்டால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். கணவரின் பெயர் ஐந்தாறு எழுத்துத்தான். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கமும்கூட. நோயைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நோயாளியையே மாற்றிவிடுவோம்.

நான் அக்காவிடம் திரும்பினேன். "அக்கா, இந்தப் பேரை வெட்டிப்போட்டுப் புதுப்பேர் ஒண்டு போடுவம். ஃபைல் எல்லாம் அப்பிடியே வரும், பயப்பிடாதேங்கோ."

அவருடைய முகம் மாறிவிட்டது. "வெட்ட வேண்டாம் தங்கச்சி," என்றார்.

எனக்குச் சினம் வந்தது. எனக்குச் சினம் சீக்கிரம் வரும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு லொகின் பெயருக்கு இவ்வளவு அடமா என்று நினைத்தேன். மனேஜர் பக்கத்தில் நின்றதால் அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. மனேஜர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாருங்க. அதுக்குப் பிறகு மாத்திடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தங்கச்சி, என்ர வீட்டுக்காரர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர், கொட்டாஞ்சேனைதான். நாங்கள் விரும்பி முடிச்சனாங்கள். அண்டையில இருந்து அப்பா என்னோட கதைக்கிறேல்லை. வீட்டில என்ர பேரையே ஆரும் சொல்லேலாது. அம்மாவும் அவருக்குத் தெரியாமல்தான் ஃபோன் எடுக்கிறவ."

நான் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஆனா இங்க பாருங்கோ. காலமை வந்த உடன முதல்ல நான் அடிக்கிறது அவற்ற பேரைத்தான். நாள் முழுக்க எல்லாரும் என்னை அவற்ற பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகினம். அவருக்கு இது தெரியாது. அங்க நான் மகள் இல்லை. இந்த ஒபிசுக்குள்ள வந்தா நான் அவற்ற மகள்தானே? வீட்டுக்காரருக்கும் இது தெரியும். அந்தப் பேர் இருந்திட்டுப் போகட்டும் எண்டுதான் அவரும் சொல்லுறவர்."

அப்பா இருப்பது வெள்ளவத்தையில் என்று பிறகு சொன்னார். ஒரே நகரம், ஒரு பஸ் பயணத் தூரம், அவ்வளவுதான். இத்தனை வருடமாக இரண்டு பேரும் இரண்டு நாட்டில் இருப்பதுபோல இருந்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் எனக்கு அது ஒரு பழுதான கணக்கு. இப்போது அதன்மேல் கைவைக்கவே பயமாக இருந்தது. மத்தியானத்துக்குள் நான் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் என் கையாலேயே அதை அழிக்க வேண்டும்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பிழை அறிவிப்பை இந்தத் தடவை நிதானமாக வாசித்தேன். உங்கள் கோப்புறையைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை என்கிறது. புதிய சேர்வரில் போய்ப் பார்த்தால் அவருடைய கோப்புறை இருக்கிறது. உள்ளே கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. அனுமதியும் அவருக்குக் கொடுத்துத்தான் இருக்கிறது. கணக்கில் உள்ள பெயரைப் பார்த்தேன். கோப்புறையின் பெயரைப் பார்த்தேன். இரண்டும் சிவனில் தொடங்கின, இரண்டும் பாதியில் நின்று மூன்று புள்ளிகளோடு முடிந்தன. நீளமான பெயர்களைக் கணினி அப்படித்தான் காட்டும், இடம் போதாவிட்டால் புள்ளி வைத்துவிடும். நாங்களும் மிச்சத்தை மனதுக்குள் நிரப்பிக்கொண்டு போய்விடுவோம். அந்தக் காலையில் மட்டும் நான் அந்த இரண்டு பெயரையும் எத்தனை முறை பார்த்து, இரண்டும் ஒன்று என்று தலையாட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அக்கா எனக்காகப் பிளேன் டீ கொண்டுவந்து வைத்தார். அதற்கு இடம் ஒதுக்க நான் மௌஸை நகர்த்தினேன். கைதவறி, கோப்புறையின் பெயர் இருந்த கட்டத்தின் கோடு இழுபட்டு அகலமாகிவிட்டது. மூன்று புள்ளிகளும் மறைந்து முழுப் பெயரும் தெரிந்தது. சுந்தரமூர்த்தி. 'த்தி' இருந்தது!

நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். பழைய சேர்வரில் அந்தக் கோப்புறை வெட்டுப்பட்ட பெயரோடுதான் இருந்தது. புதியதற்கு மாற்றும்போது கோப்புறைகளுக்கான பெயர்களை எங்கள் மென்பொருள் ஊழியர் பதிவில் முழுதாக இருந்த கடைசிப் பெயரிலிருந்து எடுத்திருக்கிறது. மற்ற எல்லாருடைய பெயரும் இருபதுக்குள் அடங்கியதால் இரண்டும் ஒன்றாகவே வந்தன. அக்காவின் அப்பா மட்டும் அடங்கவில்லை. பொலிசியோ 'சுந்தரமூர்' என்ற அறையைத் தேடிப் போகிறது. அப்படி ஓர் அறை இல்லை. புதிதாக ஒன்றைக் கட்டவும் அவருக்கு உரிமை இல்லை. பக்கத்திலேயே 'சுந்தரமூர்த்தி' என்ற அறை அவருடைய சாமான்கள் எல்லாவற்றோடும் திறந்து கிடக்கிறது.

அக்கா என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தார். "ஐயோ, அப்பாட முழுப்பேரும் கிடக்கு!" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். அந்தத் திரையில் அவர் அதை முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் வேறு வழியில்லை, உள்நுழையும் பெயரை நீட்ட முடியாது. கோப்புறையின் பெயரைத்தான் குறைக்க வேண்டும். "அந்த 'த்தி'யை மட்டும் எடுக்கிறன் அக்கா, மிச்சத்தில தொடமாட்டன்," என்றேன். "எடுங்கோ, எடுங்கோ," என்று சிரித்தார்.

எடுத்தேன். அவர் மீண்டும் உள்ளே வந்தார். கோப்புகள் ஒன்றொன்றாக வந்து திரையில் நின்றன. அவர் அச்சிடக் கொடுத்ததும், மூலையில் இருந்த பிரிண்டர் கடகடவென்று சத்தம் போட்டு, காலையிலிருந்து தேங்கிக் கிடந்த பத்திரங்களைத் தள்ள ஆரம்பித்தது. நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டோம். அறிமுகமாகி இரண்டு மூன்று மணித்தியாலம்கூட ஆகாத இரண்டு பேர்!

பிரிண்டர் சத்தம் கவுண்டருக்குக் கேட்டிருக்க வேண்டும். அங்கே நின்ற சிங்களத் தம்பி சந்தோசத்தில் உரத்துக் கூப்பிட்டான். வழக்கமாக வாலை மட்டும் சொல்பவன், அன்றைக்குச் சிவனிலிருந்து தொடங்கி முழுவதையும் பாட்டு மாதிரி இழுத்தான்.

"...சுந்தரமூ...ர்! ஹரித?"

சரியா என்று கேட்கிறான். மிஸ் என்று சொல்ல மறந்துவிட்டான்.

"ஓம், வாறன்!" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"ஓம், நான்தான்," என்று வெளியேயிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு மேலால் பார்த்தேன். வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு, கக்கத்தில் குடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிங்களவர் வாயில் எங்கள் பெயர்கள் உடைவது புதிதில்லை, அதனால் கடைசியில் 'த்தி' குறைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. தன் முறை வந்துவிட்டதென்று எழுந்திருக்கிறார். கவுண்டர் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரையும் உள்பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

கையில் பத்திரங்களோடு கதவடிக்குப் போன அக்கா அப்படியே நின்றுவிட்டார். "அப்பா," என்றார். எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

கிழவர் கக்கத்திலிருந்த குடையைக் கையில் எடுத்தார். பிறகு, எவரையும் நேரே பார்க்காமல், "இவன் ஆரைக் கூப்பிட்டவன்?" என்று கேட்டார்.

"என்னைத்தான் அப்பா."

"என்ர பேரைச் சொல்லியெல்லோ கூப்பிட்டவன்?"

"ஓம். இங்க எனக்கு அதுதான் பேர்."

அந்த இடத்தில் மனேஜர் செய்ததை நான் மறக்கமாட்டேன். பொறுமை குறைந்த மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அவர் ஒன்றும் கேட்காமல் கவுண்டரின் அரைக்கதவைத் திறந்து, "உள்ள வாங்க ஐயா," என்றார். உள்ளே வந்தவருக்கு நான் என் கதிரையைக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். மேலே மூலையில் உள்நுழைந்திருப்பவரின் பெயர் இருந்தது. எழுத்தெழுத்தாக விரலை வைத்து வாசித்தார். வருடக்கணக்காகப் பேசாத மகள் பக்கத்தில் நிற்கிறார். விரல் கடைசி எழுத்தில் நின்றது.

"த்தி எங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான்தான் அந்த இருபது எழுத்துக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "பிள்ளை, மிச்ச எழுத்தையும் போட ஏலாதே?" என்று கேட்டார்.

"ஏலாது ஐயா. அதுக்கு மேல விடாது."

அவர் மகளிடம் திரும்பினார். "கல்யாணம் முடிச்சாப் பிறகு ஏன் மாத்தேல்லை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. "இண்டைக்கு இந்தப் பேரை வெட்டிப்போட்டு வேற பேர் போடச் சொன்னவை ஐயா. அக்காதான் விடேல்லை," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சேர்ட் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அப்படி ஒன்றும் அழுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"அப்ப இருக்கட்டும்," என்றார் கடைசியில். "இருக்கிறது காணும்." இருக்கிற எழுத்துகளே போதுமாம்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். லண்டனிலிருந்து மகன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறானாம், அதை எடுக்க வந்தாராம். அக்கா எதிரில் உட்கார்ந்து பத்திரம் அடித்தார். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவைக் கேட்காமலே அவருடைய பெயரை முழுவதாக அடித்தார். அந்தக் கட்டம் நல்ல நீளம், ஒரு எழுத்தும் விடுபடவில்லை. பெட்டிக்குள் என்ன என்று கேட்டதற்கு, "எனக்கெங்க தெரியும், உன்ர தம்பியிட்டைக் கேள்," என்று அப்பா எரிந்து விழுந்தார். அக்காவுக்கு அந்த எரிச்சல் எவ்வளவு இனித்திருக்கும் என்று அவருடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தடக்கி விழுந்தால் பெட்டி எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியும் தருவார்கள். அந்த மனிதர் அந்த வெயிலில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனைக்கு, அந்தப் படிகளில் ஏறி வந்திருக்கிறார். அவர் போன பிறகு கவுண்டர் தம்பி எங்களிடம் சொன்னான், இந்த சீயா, அதாவது தாத்தா, முன்பும் வந்தவர் என்று. வந்து வாங்கில் இருப்பாராம், கண்ணாடிப் பக்கமாக எட்டிப் பார்ப்பாராம், முறை வருவதற்கு முன்னர் எழும்பிப் போய்விடுவாராம். தமிழ் தெரியாத தனக்கு அவரிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லையாம். அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கழுவுமிடத்துக்குப் போனார். திரும்பி வர நேரமெடுத்தது. மனேஜர் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிவரச் சொன்னார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சில மாதங்கள் கழித்து அக்கா ஃபோன் எடுத்தபோது, அப்பாவும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்துபோனார்கள் என்றார். மருமகனோடு இன்னும் அரைக்கதைதானாம். தேநீர் குடித்தாராம், சாப்பிடவில்லையாம். போகும்போது, "அந்த ஒபிசில இப்பவும் என்ர பேர்தானோ?" என்று கேட்டாராம். ஓம் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டாராம்.

அந்த அலுவலகத்தின் வேலையை இன்றைக்கும் நான்தான் பார்க்கிறேன். ஆனால் இப்போது அங்கே சேர்வரே இல்லை. எல்லாம் எங்கேயோ தூர நாட்டில் இருக்கிற பெரிய கணினிகளுக்குள் போய்விட்டன. பொலிசியில் பிழை வந்தால் வெள்ளவத்தையில் என் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே திருத்திவிடுகிறேன். பஸ்ஸும் இல்லை, பிளேன் டீயும் இல்லை, எஞ்சினியர் எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்களும் இல்லை. வேலை சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து பார்த்தால் எனக்குப் பெயர்கள்தான் தெரிகின்றன, அங்கே வாங்கில் யார் காத்திருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. எங்கேயாவது ஒரு பழைய கணக்கை அழித்துவிடும்படி எனக்கு எழுதி வந்தால், அது சிறிய வேலைதான் என்றாலும் ஒரு ஃபோன் எடுத்து, "இது ஆரின்ர பேர்?" என்று கேட்கிறேன். இந்த மிஸ்ஸுக்கு வேறு வேலை இல்லை என்று சிலர் நினைக்கக்கூடும். நினைத்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்த அரை மணித்தியால வேலையை நான் சுலபமாக முடித்திருந்தால், கவுண்டர் தம்பி வேறு ஏதோ ஒரு பெயரைக் கூப்பிட்டிருப்பான், அந்த மனிதர் அந்தத் தடவையும் பேசாமல் படியிறங்கிப் போயிருப்பார்.